வீட்டுக் கடனுக்கு நாலு நேர்ச்சை

இனிமேல் எதற்கும் பதறுவதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலையில் தீர்மானம் எடுத்தேன். காபி ஆறுவதற்குள் அந்தத் தீர்மானம் கலைந்துவிட்டது. போன் அடித்தது. பாய்ந்து எடுத்தால், கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் கேட்கிறாள்.

"கார்டு வேண்டாம்மா. என் ஹோம் லோன் என்னாச்சுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுதியா?"

ஏதோ ஊரில், ஏதோ வங்கிக்கு வேலை பார்க்கிற பெண். நான் விடாமல் என் கதையைச் சொல்ல, பாவம், அவளே போனை வைத்துவிட்டாள். கார்டு விற்கிறவளைத் தானாகப் போனை வைக்கச் செய்த ஆள் இந்தத் தேசத்தில் நானாகத்தான் இருப்பேன்.

என் பெயர் இஞ்ஞாசி. சொந்த ஊர் புன்னைக்காயல். பிழைப்பு தூத்துக்குடி துறைமுகத்தில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில். கப்பலில் வந்து இறங்குகிற சரக்குக்குச் சுங்கத்தில் அனுமதி வாங்கி வெளியே அனுப்புவது எங்கள் வேலை. சுங்கத்தில் கேள்வி கேட்பார்கள். நிறுத்தி வைப்பார்கள். பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். முந்திரி இறக்குமதி செய்தவர் போனில் அழுவார். நான் டீயை உறிஞ்சிக்கொண்டே, "பதறாதிய அண்ணாச்சி, எல்லாம் வந்துரும்" என்பேன். எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்ன வாய் இது. ஆனால் அது அவர்கள் முந்திரி. இது என் வீடு.

மில்லர்புரத்தில் அந்த வீடு. வன்னியபெருமாள் அண்ணாச்சி என்கிற மளிகைக் கடைக்காரர் அதை விற்றுவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போகப் பார்த்தார். ரெண்டு படுக்கையறை, ஒரு கூடம், வாசல் பக்கம் ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறையைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. அதில் எனக்கென்று ஓர் இடம் கிடையாது. நாற்காலியில் உட்காரப் போனால் தைத்த ஜாக்கெட். கட்டிலில் படுக்கப் போனால் தைக்காத ஜாக்கெட். என் மனைவி ஹில்டா தெருவுக்கெல்லாம் தையல்காரி. அவள் மெஷின் அடுப்படி மூலையில் இருக்கிறது. துணிகள் வீடு முழுக்க இருக்கின்றன. நான் மிச்ச இடத்தில் இருக்கிறேன்.

அந்தச் சின்ன அறையில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஃபேன், ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள் உள்பக்கம். என் கனவு அவ்வளவுதான்.

என் சேமிப்பும் ஹில்டாவின் வளையல்களும் முன்பணமாகப் போய்விட்டன. மிச்சத்துக்கு வங்கிக் கடன். வங்கிக்காரர்கள் கேட்ட பேப்பரெல்லாம் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு விலை மதிப்பிட வேல்யூவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். வக்கீல் மூலப்பத்திரத்தைப் படித்துத் தலையை ஆட்டினார். கடைசி ஒப்புதல் மட்டும் பாக்கி. "மேல போயிருக்கு சார்" என்றார்கள். மேலே போனது மேலேயே இருந்தது. அண்ணாச்சி தினமும் காலையில் கடை திறந்த கையோடு எனக்குப் போன் போடுவார்.

"தம்பி, மாசக் கடைசிக்குள்ள முடிச்சிருங்க. இன்னொரு பார்ட்டி ரொக்கத்தோட நிக்கான்."

மாதம் முடிந்தால் வீடும் போகும், வளையல் விற்ற முன்பணமும் போகும். எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கின சோறு தங்கவில்லை.

எங்கள் கடனைப் பார்க்கிற அதிகாரி பேச்சிராஜா. நல்ல பையன். ஆரம்பத்தில் நான் போன் போட்டால் "சொல்லுங்க சார்" என்பான். பிறகு "சார்" மட்டும் வந்தது. அதற்கும் பிறகு பெருமூச்சு மட்டும் வந்தது. ஒருநாள் அதுவும் வரவில்லை. ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே போய் வங்கி வாசலில் நின்றேன்.

சும்மா நிற்கிற மனிதனுக்கு நம் ஊரில் தனி மரியாதை உண்டு. பென்ஷன் வாங்க வந்த பெரியவர் என்னை வங்கி ஆள் என்று நினைத்துச் சலானை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். அவர் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. வாட்ச்மேன் தன் ஸ்டூலை என்னிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். சத்தம் கேட்டுப் பேச்சிராஜா வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான்.

"சார், உங்க லோன்ல கோ-அப்ளிகன்ட் யாரு?"

"என் வீட்டுக்காரி. ஹில்டா."

"இனிமே நான் மேடத்துட்ட மட்டும் பேசுதேன். மெசேஜெல்லாம் அவங்க நம்பருக்கு மாத்திருதேன். நீங்க போன் போட வேண்டாம். இங்க வரவும் வேண்டாம்."

"ஏன் தம்பி?"

"மேனேஜரு ஜன்னல் வழியா ஒங்களப் பாத்துட்டு, ஹெட் ஆபீஸ்லேருந்து யாரோ செக் பண்ண வந்துருக்காங்கன்னு சாப்பிடாமக் கெடக்காரு சார்."

அப்படித்தான் என் வீட்டு விதி என் கையிலிருந்து ஹில்டாவின் போனுக்குப் போனது.

எனக்குச் செய்வதற்கு ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. எங்கள் கடற்கரையில் எந்தக் காரியத்துக்கும் மாதாவுக்கு நேர்ந்துகொள்வோம். வலை விரித்தாலும் நேர்ச்சை, பிள்ளை பரீட்சை எழுதினாலும் நேர்ச்சை. சொன்ன வார்த்தையை மீறினால் காரியம் கைக்கு வந்தும் நிலைக்காது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், கூடத்துச் சுவர் மாடத்தில் இருக்கிற மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்றேன்.

"மாதாவே, லோன் கெடச்சிட்டா என் உசரத்துக்கு மெழுகுதிரி ஏத்துதேன்."

அடுப்படியில் தையல் மெஷின் நின்றது.

"ஏங்க, மாதா கோயில்ல கரண்டு இல்லியா?"

"நேர்ச்சைளா."

"கடையில காசு குடுத்து வாங்குறதெல்லாம் நேர்ச்சையா? விட முடியாத எதையாச்சும் விடணும். அதுதான் மாதாவுக்குப் பிடிக்கும்."

"நான் எத விட? பீடி குடிக்கேனா, வெத்தல போடுதேனா?"

"வாயிக்குள்ள போறதச் சொல்லல. வாயிலேருந்து வாரதச் சொல்லுதேன்."

"என்ன வருது?"

"எங்கம்மா வச்ச கொழம்பு மாதிரி இல்லங்குறது."

உண்மைதான். மீன் குழம்பு வைத்த ஒரு நாள்கூட நான் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. அதைச் சொன்னால்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஆனால் வீடு பெரிதா, வார்த்தை பெரிதா? மெழுகுதிரிக்குப் பதிலாக, இனி அந்த வார்த்தை என் வாயில் வராது என்று மாதாவிடம் சொன்னேன். மறுநாள் சாளைக் குழம்பு. உப்பு தூக்கலாக இருந்தது. வாய் தன்னால் திறந்தது. சுவரில் மாதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கு" என்றேன்.

"நல்லாருக்கா? இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துதேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வரும்போது ஹில்டா போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "சரி தம்பி, ரொம்ப நன்றி" என்று வைத்தாள்.

"பேச்சிராஜாவா?"

"ஆமா."

"என்ன சொன்னான்? மேலேருந்து வந்துட்டாமா? இல்ல திருப்பி அனுப்பிட்டானுவளா? எதையும் மறைக்காதளா, நான் தாங்கிக்கிடுவேன்."

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் மாதா முன்னால் முழங்காலில் விழுந்துவிட்டேன். பதிலைக் கேட்கிற தைரியம் இல்லை. கேட்டால் கேட்டதுதானே.

"மாதாவே, இன்னொண்ணும் விடுதேன். எத விடன்னு நீங்களே சொல்லுங்க."

பின்னால் ஹில்டா போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "மீன வாங்கிட்டு வந்து தரையில வச்சிட்டுப் பேப்பர் படிக்கப் போயிருதியளே, அத விடலாம்" என்றாள்.

"விட்டுட்டு?"

"நீங்களே வெட்டிக் கழுவித் தரலாம்."

புன்னைக்காயலில் பிறந்தவன் நான். எங்கள் ஊர் ஆண்பிள்ளை மீனுக்கு வலை போடுவான், விலை பேசுவான், குறை சொல்வான். வெட்டிக் கழுவ மாட்டான். எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் அதைச் செய்ததில்லை. ஆனால் அவர்கள் யாரும் ஹோம் லோனும் வாங்கினதில்லை. சரி என்றேன்.

மறுநாளே நகரை மீன் வந்தது. அரிவாள்மணையில் உட்கார்ந்தேன். செதில் என் மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது, வாட்சுக்குள் போனது, காதுக்குள்ளும் ஒன்று போனது. மூன்று பூனைகள் வந்து எதிரே உட்கார்ந்து நான் செய்வதைக் கவலையோடு பார்த்தன. அடுத்த நாள் ஆபீசில் முதலாளி மூக்கை உறிஞ்சி, "இஞ்ஞாசி, எந்த மீன் கண்டெய்னரு உடைஞ்சு கெடக்குவே?" என்று கேட்டார்.

"பேங்க்லேருந்து ஏதாச்சும் பேசுனாவளா?" என்று ஹில்டாவிடம் கேட்டேன்.

"நல்லபடியாப் போவுதுங்க. இந்த நேரத்துல நேர்ச்சைய விட்டுராதிய."

நல்லபடியாகப் போகிறது என்றால் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம். போதாக்குறைக்கு வன்னியபெருமாள் அண்ணாச்சியின் காலைப் போனும் நின்றுவிட்டது. அவர் தினம் திட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. திட்டாத மனிதர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார் என்று அர்த்தம். நானே போன் போட்டேன்.

"அண்ணாச்சி, நம்ம வீடு..."

"எல்லாம் தெரியும் தம்பி. கடையில கூட்டமா இருக்கு, வச்சிருதேன்."

என்ன தெரியும்? எனக்குத் தெரியாதது அவருக்கு என்ன தெரியும்? அன்றைக்கு ஒரு சரக்குப் பேப்பரில் முந்திரி என்று எழுத வேண்டிய இடத்தில் மில்லர்புரம் என்று எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்து நேரே மாதாவிடம் போனேன்.

"ஏளா, இன்னும் எத விடட்டும்?"

"கோவத்த விடலாம்" என்றாள் ஹில்டா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"எனக்கு யாரு மேல கோவம்?"

"பெவின் மேல."

பெவின் ஹில்டாவின் தம்பி. அவன் பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில் என்னை ரெண்டாம் பந்தியில் உட்காரவைத்தான். அக்கா மாப்பிள்ளையை. நான் உட்கார்ந்தபோது பிரியாணியில் கறி தீர்ந்து, கறி இருந்ததற்கான அடையாளம்தான் இருந்தது. அன்று முதல் அவன் வீட்டுப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவ்வளவு கோபத்தையும் கட்டிக் காத்து வைத்திருந்தேன். மாதாவுக்காக அதையும் கொடுத்தேன்.

அடுத்த நாளே பெவின் சாப்பிட வந்தான். கையில் ஒரு டப்பா மக்ரூன். முகமெல்லாம் சிரிப்பு.

"எதுக்குலே மக்ரூன்?"

"நல்ல காரியத்துக்கு வெறுங்கையோட வரலாமா அத்தான்? அக்கா திங்கக்கெழமயே போன்ல..."

ஹில்டா ஒரு பெரிய மீன் துண்டைத் தூக்கி அவன் தட்டில் போட்டாள். "முள்ளு இருக்கு. பேசாமத் தின்னு."

அவன் பேசாமல் தின்றான். நாங்கள் சமாதானம் ஆகப்போவதைத்தான் நல்ல காரியம் என்கிறான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வெட்டின மீன் என்று சொன்னேன். அவன் ஒரு முள்ளை வெளியே எடுத்துப் பார்த்து, "தெரியுது அத்தான்" என்றான். ரெண்டு பேரும் சிரித்தோம். சொன்னால் என்ன, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவன் போனதும் பழைய பயம் திரும்பி வந்தது. மூன்று நேர்ச்சை ஆகியும் வங்கியிலிருந்து மூச்சு இல்லை. மாதாவுக்கு இன்னும் மனம் இறங்கவில்லை என்றால், நான் பெரிதாக எதையோ கையில் பிடித்து வைத்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? எனக்கு அது என்னவென்று தெரிந்துபோயிற்று. தெரியாமலே இருந்திருக்கலாம்.

முழங்காலில் நின்றேன்.

"மாதாவே, அந்தச் சின்ன ரூம் எனக்கு வேண்டாம். நாற்காலி வேண்டாம். தாழ்ப்பாளும் வேண்டாம். வீடு மட்டும் குடுங்க."

மெஷின் நின்றுவிட்டது. ஹில்டா எழுந்து வந்தாள்.

"அந்த ரூமையா விடுதிய? வேண்டாங்க. அது உங்க ஆசையில்லா?"

"விட முடியாததத்தான விடணும். நீதான சொன்ன."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உண்மையாகவே துடைத்தாள், நான் பார்த்தேன். பிறகு கேட்டாள்.

"அப்போ அந்த ரூம் சும்மாத்தான கெடக்கும்?"

"கெடக்கட்டும்."

"வெளிச்சம் நல்லா வரும். மெஷினத் தூக்கி அங்க போட்டுக்கிடட்டா?"

இத்தனை வருஷமாக அவள் அடுப்படிப் புகையில் உட்கார்ந்து தைத்தவள். போட்டுக்கோ என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மீன் வாங்கப் போனேன். ஒரு விளமீனைத் தூக்கிச் செவுளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதிரே பையோடு பேச்சிராஜா. நான் சட்டென்று மீனால் முகத்தை மறைத்துக்கொண்டேன். வரக்கூடாது, பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறானே. அவனாகவே பக்கத்தில் வந்தான்.

"என்ன சார், மொகத்த மறைக்கீங்க? லோன் சாங்ஷன் ஆயி ஒரு வாரமாவுது. ஒரு ஸ்வீட்டு கெடையாதா?"

மீன் கையிலிருந்து நழுவியது.

"என்னைக்கு ஆச்சு?"

"திங்கக்கிழமை. அன்னைக்கே மேடத்துக்குப் போன் போட்டனே."

முதலில் நான் அழுதேன். பேச்சிராஜாவைக் கட்டிப்பிடித்தேன். மீன்கார அம்மாவையும் கட்டிப்பிடிக்கப் போனேன், அவள் கையில் கத்தி இருந்தது. வீடு எனக்குத்தான். வளையல் வீண்போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி நடக்க நடக்கத்தான் மண்டைக்குள் கணக்கு ஓடியது. குழம்பு நேர்ச்சை சனிக்கிழமை. சாங்ஷன் திங்கட்கிழமை. மீனும் பெவினும் அறையும் அதற்கப்புறம். மாதா கேட்டது ஒன்றுதான். மிச்சம் மூன்றையும் கேட்டது யார்?

வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"ஏளா, திங்கக்கெழமயே லோன் வந்துட்டாமே."

"ஆமா."

மெஷின்கூட நிற்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க அதுக்குள்ள முழங்கால்ல விழுந்துட்டிய. செபம் பண்ணுற ஆள எப்படிக் கூப்பிட?"

"மறுநாள் சொல்ல வேண்டியதுதான?"

"மீன் வெட்டிக்கிட்டு இருந்திய. கவனம் செதறுனா கையி போயிரும்."

"அதுக்கப்புறம்?"

"தம்பியோட சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்திய." அவள் குரல் இறங்கியது. "அதப் பாத்து எத்தன வருசமாச்சு. கலைக்க மனசு வரல."

ஆனாலும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்காரன் சட்டத்தை விடுவானா?

"சரக்கு வெளிய வந்த பொறவு கட்டுன வரி செல்லாதுளா. திருப்பிக் குடுத்துரணும். அந்த மூணு நேர்ச்சையும் செல்லாது."

"செல்லாதுன்னா எங்கிட்ட ஏன் சொல்லுதிய? மாதாகிட்ட சொல்லுங்க."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுரூபத்தின் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன்.

பின்னாலிருந்து ஹில்டா சாதாரணமாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. பதிஞ்ச பொறவுதான் பேங்க்ல பணத்த விடுவாவளாம். பதிவாபீசுல சர்வரு அப்பப்ப படுத்துருமாம், பேச்சிராஜா தம்பி சொன்னாரு."

வாயை மூடினேன். இவ்வளவு தூரம் வந்து முன்னால் நின்றதற்காக, மாதாவுக்கு ஒரு கும்பிடு மட்டும் போட்டேன்.

தோற்றவனுக்கும் ஒரு கேள்வி கேட்கிற உரிமை உண்டு. திரும்பி வந்து கேட்டேன்.

"நான் இவ்வளவு விட்டேன். இந்த வீட்டுக்காக நீ என்ன நேர்ந்த?"

மெஷின் நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேளாங்கண்ணி மாதாவுக்கு மொட்ட."

எனக்குப் பகீரென்றது. ஹில்டாவுக்கு இடுப்பு வரை முடி. கல்யாணத்தன்று நான் முதலில் பார்த்ததே அதைத்தான். அதைப் போய் நேர்ந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானோ ஓர் அறைக்கும் நாலு மீனுக்கும் கணக்குக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இருந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வேண்டாம் ஹில்டா. உன் முடியப் போயி... சாமியாருட்ட கேட்டு வேற ஏதாச்சும் மாத்தி நேர்ந்துக்கிடலாம்."

அவள் நிமிர்ந்து என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"என் முடிய யாரு நேர்ந்தா? மொட்ட உங்களுக்கு. சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு."